சீர் பீரோ

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பீரோவின் கதை சொல்கிறேன்.

தமயந்தியும் இளவழகனும் மனமொத்துப் பிரியத்தான் நினைத்தார்கள். சொந்தங்கள் விட்டால்தானே! கல்யாணச் சீராக வந்த கண்ணாடி பீரோ யாருக்கு என்பதிலேயே வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. பெண்ணின் மாமா அதை மாப்பிள்ளையின் அக்கா வீட்டிலிருந்து தூக்கி, டெம்போவில் ஏற்றிச் சமரச மையத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த அக்கா பின்னாலேயே வந்து அதன் கைப்பிடியைப் பிடித்தவள் விடவே இல்லை. வெட்கங்கெட்ட கூட்டம்.

சமரசம் பேசும் அம்மாள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, இருவரிடம் மட்டும் கேட்டார்: "உங்களுக்கு என்னப்பா வேணும்?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தமயந்தி அழுதுவிட்டாள்.

"அந்தக் கண்ணாடியில நான் ஒருநாள்கூட மூஞ்சி பாத்ததில்ல மேடம். அவங்க அக்கா வீட்லதான் கெடந்துச்சு. என்னை விட்டாப் போதும்."

"எனக்கும் அது வேணாம் மேடம்" என்றான் இளவழகன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

"பீரோவுக்கு வழி சொல்லாம நீங்க எப்படிப் பிரியலாம்?" என்று மாமா கத்தினார். இருவரும் நிற்காமல் நடந்தார்கள்.

டெம்போவில் இழுபறி ஓயவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே எதிராளி என்று எண்ணி மாமா காறித் துப்பினார். அக்காவும் அப்படியே தன் முகத்தின்மேல் துப்பினாள்.

உங்கள் வீட்டுக் கண்ணாடியில், தங்கங்களே, என்றைக்கும் சிரித்த முகமே தெரியட்டும்.