மிதவை அசைகிறது

ஞாயிறுதோறும் வீடு தங்காத கணவன் சதாஹாருவிடம் இனித் தூண்டிலைத் தொடக் கூடாதென்று சொல்லத்தான் ஃபுசாயே ஒசாகா நகரின் இந்த மீன்குளத்துக்கு வந்திருக்கிறாள். காலை வெயிலில் மிதவை நடுங்குகிறது, கோல் வளைகிறது. வலையில் துள்ளும் கெண்டையின் வாயிலிருந்து முள்ளை மெல்லக் கழற்றி, சதாஹாரு அதைத் தண்ணீரிலேயே விடுகிறான். வரிசையாக அமர்ந்திருப்பவர்களும் அப்படியே செய்கிறார்கள். “விடுறதுக்கா விடியறதுக்குள்ள எழுந்து ஓடி வரீங்க?” என்கிறாள். “திங்கணும்னா கடையிலயே வாங்கிடலாமே,” என்று சிரித்தபடி கோலை அவள் கையில் கொடுக்கிறான். பச்சை நீருக்கடியில் ஏதோ ஒன்று இரையை முகர்ந்து பார்க்கிறது. அந்தத் தயக்கம் அவள் விரல்வரை வருகிறது. “ஏதோ சொல்லணும்னு வந்தியே?” “அப்புறம் சொல்றேன். இப்பப் பேசாதீங்க, பக்கத்துலதான் இருக்கு.”