முப்பதுக்கு மேல் கணக்கில் இல்லை

"அப்ப நான் செத்தாத்தான் இலங்கை முன்னேறும் எண்டுறியோ?"

அகப்பையும் கையுமாகச் செல்வநாயகி குசினிக்குள் இருந்து வந்த வேகத்தில், சுவர்ணா மடிக்கணினியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, உங்களைச் சொல்லேல்லை. கணக்கைச் சொன்னனான்."

விடிந்தால் பல்கலைக்கழகக் கம்பஸில் அவளுடைய ஆய்வுரை. நோர்வேயிலும் இலங்கையிலும் பெண்களின் படிப்பு 2070ஆம் ஆண்டுவரை எப்படிப் போகும் என்று இரண்டு கோடு கீறி வைத்திருந்தாள். நீலக்கோடு நோர்வே, மேலே. சிவப்புக்கோடு இலங்கை, கீழே. போகப் போகக் கிட்ட வருகின்றன, ஆனால் முட்டவில்லை. வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தது அவள் செய்த முதல் பிழை. சீனிப் போத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஒஸ்லோச் சின்னம்மாவையும் கூப்பிட்டது இரண்டாவது.

"பாத்தியளே அக்கா? எங்கடை நாடுதான் மேலை!" திரைக்குள் ஞானாம்பிகை கை தட்டினாள்.

இருபது வயதில் கலியாணம் கட்டி நோர்வே போனவள் அவள். வல்வெட்டித்துறைக் கடலில் யார் முதலில் நீந்திக் கரைக்கு வருவது என்று சின்ன வயதில் தொடங்கிய அக்கா தங்கை போட்டி, ஐம்பது தாண்டியும் ஓயவில்லை.

"பொத்தடி வாயை. நீயும் என்னை மாதிரி எட்டாம் வகுப்போடை நிண்டனிதானே? அந்த நீலக்கோட்டைக் கீழை இழுத்துக்கொண்டிருக்கிறதே நீதான்!"

சுவர்ணாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பேரும் கேளுங்கோ. முப்பது வயதோடை ஆக்கள் படிப்பை முடிச்சிடுவினம், பிறகு அது மாறாது எண்டுதான் இந்தக் கணக்கு. அப்ப, கனக்கப் படிக்காத பழைய ஆக்கள் குறையக் குறையக் கோடு ஏறும். அவ்வளவுதான்."

"அதைத்தானே நானும் சொன்னனான்! சரி, முப்பதுக்கு மேலை ஆராவது படிச்சால்?"

"ஆரம்மா படிக்கினம்? ஆயிரத்திலை ஒராள். அவவுக்கு என்ரை கணக்கிலை இடமில்லை."

ஞானாம்பிகை விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வநாயகி சிரிக்கவில்லை. அகப்பையை மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு உன்ரை பேச்சுக்கு நான் வரேல்லை. எனக்கு வேலை கிடக்கு."

"அம்மா! முன் வரிசையிலை இடம் பிடிச்சு, சாறியும் எடுத்து வைச்சிருக்கிறன்!"

"சாறியைத் தா. பேச்சுக்கு வரேல்லை."

"நானும் நாளைக்கு ஃபோனிலை வரமாட்டன் பிள்ளை. எனக்கும் வேலை," என்று சின்னம்மாவும் மறைந்துவிட்டாள்.

சுவர்ணாவுக்கு அழுகை வந்துவிட்டது. கருவாடு விற்றுத் தன்னைப் படிக்க வைத்த அம்மா வராவிட்டால் அந்த மேடை எதற்கு? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காலையில் எழும்பிப் பார்த்தால் அம்மாவும் இல்லை, புதுச் சாறியும் இல்லை.

ஸ்கூட்டியில் கம்பஸுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட வாசல். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு சிவப்புச் சாறி. சுவர்ணா பிரேக் பிடித்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

"அம்மா! இஞ்சை என்ன செய்யிறியள்?"

செல்வநாயகியின் நெற்றியில் திருநீறு. கையில் அடையாள அட்டை, இரண்டு பேனை, சுவர்ணா பள்ளிக்கூடத்தில் பாவித்த அதே கொம்பாசுப் பெட்டி.

"கத்தாதை பிள்ளை, பெடியள் பாக்கிறாங்கள். ஓ.எல். பொதுச் சோதினை. இண்டைக்குக் கணிதம். ஒரு வருசமா உன்ரை பழைய கொப்பியளைத்தான் ஒளிச்சு வைச்சுப் படிச்சனான். பாஸ் பண்ணிப் போட்டுத்தான் ஞானத்துக்குச் சொல்லவேணும், அவள் வாயடைச்சுப் போவாள். மணி அடிக்கப் போகுது, நீ போய் உன்ரை கணக்கைத் திருத்து!"

சுவர்ணா கம்பஸுக்கு ஓடினாளா பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. மேடையில் இரண்டு கோட்டையும் காட்டிவிட்டு, "இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது," என்றாள். "அந்தப் பிழை இப்போது சோதனை மண்டபத்தில் இருந்து கணிதம் செய்துகொண்டிருக்கிறது. அது என்னுடைய அம்மா." கைதட்டல் ஓய நேரம் எடுத்தது.

மத்தியானம் சுவர்ணா ஆய்வுரை மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது கைபேசியில் ஒரு படம் வந்து கிடந்தது. குளிர்கோட்டும் பனிச் சப்பாத்துமாக, ஒரு பள்ளிக்கூட வாசலில், இரண்டு பேனையை உயர்த்திப் பிடித்தபடி ஒஸ்லோச் சின்னம்மா.

கீழே எழுதியிருந்தாள்: "அக்காவுக்கு மூச்சும் விடாதை பிள்ளை. எனக்கும் இண்டைக்குத்தான் இஞ்சத்தைப் பத்தாம் வகுப்புச் சோதினை!"