தனபாலின் அளவு

கம்பளியைத் தூளிக்கு உள்ளேதான் விரிப்பேன் என்று நின்றான்.

விரித்தும் விட்டான்.

இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிய, பெரியவர்கள் படுக்கிற நைலான் தூளி. மேகமலையில், தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து மேட்டில். மார்கழி மாதம். இருட்டுவதற்கு முன்பே மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் தன் தூளியைக் கட்டிக்கொண்டிருந்த சுகந்தி ஒரு தடவைதான் சொன்னாள்.

"கம்பளிய உள்ள போட்டா நீங்க படுத்ததும் நசுங்கிரும். தூளில குளிரு கீழ இருந்துதான் ஏறும். அதுக்குத்தான் அடிப்போர்வை. அவருக்குத் தைச்சது பையில கெடக்கு. எடுத்துக் கட்டவா?"

அவர் என்றால் தனபால். சுகந்தியின் முதல் புருஷன். இவன் இரண்டாவது. இறந்து சில வருஷங்கள் ஆகின்றன.

"வேண்டாம்."

அடிப்போர்வை பெரிய விஷயமில்லை. பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைத் துணி. தூளிக்கு அடியில், வெளிப்பக்கமாகத் தொங்கும். உடம்பு அதை அழுத்தாது, அதனால் சூடு உள்ளேயே நிற்கும். சுகந்தியே மெஷினில் உட்கார்ந்து இரண்டு தைத்து வைத்திருந்தாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று ஆறடி ஆளுக்கு.

இவன் ஆறடி இல்லை.

செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவனுக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. தனபால் இனிமேல் குறட்டை விடப்போவதில்லை. தொப்பை போடப்போவதில்லை. பால் வாங்க மறந்துவிட்டு வந்து நிற்கப்போவதில்லை. வீட்டில் நடக்கிற அத்தனை தப்பும் இவன் பங்குக்கே வந்து சேர்ந்தது. ஹாலில் இருந்த தனபாலின் படத்தைக் கல்யாணத்துக்கு முன்பே அவள் கழற்றிவிட்டாள். எங்கே வைத்தாள் என்று இவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

இந்த மலைக்குப் போகலாம் என்று கேட்டவனும் இவன்தான். அவளும் தனபாலும் போன இடங்களுக்கெல்லாம் தானும் ஒரு தடவை போய்விட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தான்.

ஆறவில்லை. எந்த மரத்தில் கட்டலாம் என்று அவள் தேடவே இல்லை. நேராக வந்து இங்கே நின்றாள்.



சுகந்தி படுத்ததும் தூங்கிப்போனாள்.

இவனுக்கு முதலில் இடுப்பு விறைத்தது. பிறகு முதுகு. புதுக் கம்பளி அவன் எடையில் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. கீழே காற்று புகுந்து புகுந்து போயிற்று. ஒரு குரல் கொடுத்தால் போதும், எழுந்து வந்துவிடுவாள்.

கூப்பிடவில்லை. வீம்பு.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது அவள் தானாகவே எழுந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முழுதாக இல்லை.

ராத்திரி மூட்டி, இப்போது அணையப்போன நெருப்பில் சுள்ளிகளைப் போட்டாள். பையைத் திறந்து அந்த அடிப்போர்வையை எடுத்து உதறினாள். அவன் தூளியின் இரண்டு முனையிலும் மாட்டினாள். பிறகு தரையில் மண்டியிட்டு, அவன் முதுகுக்கும் போர்வைக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தாள்.

கை தாராளமாகப் போயிற்று. காற்றும்.

தனபால் கனமான ஆள். அவன் படுத்தால் தூளி தாழும், போர்வையும் அதற்குத் தக்கபடி தாழ்வாகத் தொங்க வேண்டும். இவன் முதுகு அதுவரைக்கும் இறங்கவில்லை.

போர்வைக் கயிற்றை இழுத்துச் சுருக்கப் பார்த்தாள். கால் பக்கம் சுருங்கியது. தலைப்பக்கம் வரவில்லை. கயிறு ஓடும் வளையத்தைத் தாண்ட முடியாமல் ஒரு முடிச்சு மாட்டிக்கொண்டு நின்றது.

சுகந்தி போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். இது வேறு கை போட்டது.

நகத்தால் நோண்டினாள். பல்லால் கடித்து இழுத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கத்தியை எடுத்தாள்.

அவன் அப்போது பேசியிருக்க வேண்டும். விடு சுகந்தி, அது இருக்கட்டும், நான் எழுந்து நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று. நல்ல மனுஷன் சொல்லியிருப்பான். தனபால் கட்டாயம் சொல்லியிருப்பான்.

அறு என்று நினைத்துக்கொண்டு கிடந்தான்.

அறுத்தாள்.

முடிச்சை மட்டும் தனியாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு நுனிகளையும் சேர்த்துக் கட்டினாள். போர்வை மேலே ஏறி, அவன் முதுகைத் தொட்டும் தொடாமலும் நின்றது. காற்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இடுப்பில் சூடு தெரிந்தது, பிறகு முதுகு முழுக்க. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை. ஜெயித்தாயிற்று என்றுகூடத் தோன்றியது.

வெட்டிய துண்டு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

கையெட்டும் தூரத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. போடப்போகிறாள் என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

ஜெர்கினை விலக்கி, உள்பையில் அதை வைத்தாள். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

பிறகு அவன் பக்கம் வந்து தூளியின் விளிம்பைச் சரிசெய்தாள். அவன் தூங்கவில்லை என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும்.

"இப்பக் குளிருதா?"

முதுகு கதகதவென்று இருந்தது.

"குளிருது" என்றான்.