O நெகட்டிவ்

2009 ஏப்ரல் மாதம். ஒஸ்லோவில் தாதியாக இருந்த வதனி, வேலை முடிந்து ஸ்டோவ்னர் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வந்ததும் தினமும் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குத் தொலைபேசி எடுப்பாள். பள்ளிக்கூடம் ஒன்றில் இயங்கிய ஆஸ்பத்திரியில் என்னென்ன மருந்து இல்லை என்று அங்கிருந்த தாதி இந்துமதி சொல்லுவாள். வதனி அதை எழுதி நிவாரண அமைப்புக்கு அனுப்புவாள்.

அன்று மயக்க மருந்து, சேலைன், பஞ்சு என்று இந்துமதி சொல்லி முடித்தாள். முந்தின நாள் காயப்பட்ட ஒரு பிள்ளைக்காக அழுதழுது கேட்ட இரத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

"O நெகட்டிவ் வேண்டாமே?"

"கிடைச்சிட்டுது அக்கா. உங்கட மகள் சாருகா வந்து தந்தவ. அந்தப் பிள்ளை தப்பிட்டுது."

"சாருகா இஞ்சையெல்லோ நிக்கிறாள்!"

"ஓம், பள்ளிக்கூடப் பையோடதான் வந்தவ. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ."

தொலைபேசி அறுந்தது. வதனி மகளின் அறைக்கு ஓடினாள். பதினைந்து வயதுச் சாருகா வெளிறிய உதடுகளோடு படுத்திருந்தாள். வதனி அவளுடைய சட்டைக் கையை உயர்த்தினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. இரத்தம் இன்னும் காயவில்லை.

"ஆர் குத்தினது?"

"தெரியாது அம்மா. களைப்பாய் இருக்கு."

வகுப்பாசிரியைக்கு எடுத்துக் கேட்டாள். சாருகா மூன்று மணிவரை வகுப்பில்தான் இருந்தாளாம்.

வைத்தவுடனே தொலைபேசி அடித்தது. வன்னி இலக்கம். அங்கிருந்து ஒருநாளும் அவர்களாக எடுத்ததில்லை. வதனி எடுக்கவில்லை. கட்டிலில் ஏறி மகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சாருகா கண்ணைத் திறக்காமல் தன் மற்றக் கையை நீட்டினாள்.