தோள் இன்னும் ஆறவில்லை

"இருபத்தொரு நாளாச்சு ரோண்டா! ஒரு தோள் ஆற இருபத்தொரு நாளா? கால் முறிஞ்சவன்கூட இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்!"

"நடக்கிறதுக்குத் தோள் எதுக்கு சார்?" என்றாள் ரோண்டா.

ஹேஸ்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. நகரத்துப் பெரிய பேஸ்பால் அணிக்கு ஆள் எடுப்பதும் ஆளைக் கழிப்பதும் அவர்தான். நாலு மணி நேரம் கார் ஓட்டி, சோளக்காட்டுக்கு நடுவில் கிடக்கும் இந்த ஹார்லன்வில் மைதானத்துக்கு வந்திருந்தார். பெரிய அணிக்கு வேண்டிய பையன்களை இங்கே வைத்து வளர்ப்பதால் இதற்குப் பண்ணை அணி என்று பெயர்.

சிகிச்சை மேசையில் குப்புறக் கிடந்தான் காலஹன். ஆறு கோடி டாலர் கொட்டி வெளியிலிருந்து வாங்கிய பந்து வீச்சாளன். தோளில் அடிபட்டதும், சின்னப் பையன்களோடு ஆடித் தேறட்டும் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்தத் தோளைத்தான் பண்ணை அணியின் பிசியோதெரபிஸ்ட் ரோண்டா பிசைந்துகொண்டிருந்தாள். லாரி ஓட்டுநரின் மகள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பயப்படுவதற்கு மட்டும் அங்கே பாடம் இல்லை போலும்.

"எப்ப அனுப்புவே?"

"ஒன்பது நாள்."

"அதென்ன கரெக்டா ஒன்பது?"

"முப்பது நாள் வரைக்கும் இங்க வெச்சுக்கலாம்னு விதி இருக்கே."

காலஹன் தலையைத் தூக்கினான். "எனக்கு வலியே..."

"பேசாதீங்க, தசை இறுகுது." ரோண்டா அவன் தலையை அமுக்கினாள்.

ஹேஸ்டன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். முதலாளி இன்னிக்கே முடிவு கேக்கிறாரு. இந்தப் பண்ணையை மூடிட்டு, அந்தக் காசையும் போட்டு இன்னொரு நட்சத்திரத்தை வாங்கலாமான்னு."

ரோண்டாவின் கை நின்றுவிட்டது. இருபத்தைந்து பையன்கள். பாதிப் பேருக்கு இன்னும் மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மூடினால் பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"இன்னொண்ணா? இதோ ஒண்ணு படுத்துக்கிடக்கே, போதாதா?"

"நான் இங்கதான் இருக்கேன்," என்று மேசையிலிருந்து குரல் வந்தது.

"இருங்க, யார் வேண்டாம்னா? ஆனா சார், இவருக்கு ஒரு வருஷம் குடுக்கிறதுல இந்த மைதானத்தை நாலு வருஷம் நடத்தலாம். இங்கேர்ந்து ரெண்டு பசங்க தேறி மேல வந்தாலே போதும், விதிப்படி ஆறு வருஷம் அவங்க உங்களைத் தவிர வேற யாருக்கும் ஆட முடியாது. ஆனா அந்தப் பசங்களுக்கு ஏதாவது கேட்டா என்ன செய்வீங்க? கறி வாங்கிப் போடுங்கன்னு எட்டு லெட்டர் எழுதினேன், ஒண்ணுக்குப் பதில் உண்டா?"

"ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் போதும்மா. நானும் அதைத் தின்னுதான் ஆடினேன்."

"அதான் உங்களை மூணே மாசத்துல திருப்பி அனுப்பிட்டாங்க."

மேசை குலுங்கியது. காலஹன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தான். ஹேஸ்டன் காது சிவக்க, பையிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. ஜூன் முழுக்க உதை வாங்கின டீம் இது. இந்த மூணு வாரமா பதினெட்டுல பதினஞ்சு ஜெயிச்சிருக்கு. இவன் பந்து போட்டது நாலே ஆட்டம், மிச்சமெல்லாம் பசங்களே ஜெயிச்சது. அந்த வெனிசுவேலாப் பையன், ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பானே..."

"யெஃபர்சன்."

"அவன் பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி ஏழு ஹோம் ரன் அடிச்சிருக்கான்! புதுசா கோச் யாராவது வந்தாரா?"

"இல்லையே."

"பின்ன எப்படி?"

"பண்ணைன்னா அப்படித்தான் சார். இத்தனை நாள் கிடந்த பயிர் திடீர்னு தலை தூக்கும்."

ஹேஸ்டன் தாளில் யெஃபர்சன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு முழங்காலில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி, நீ ஜெயிச்சே. பண்ணை இருக்கும். அடுத்த வருஷம் வெளியிலேர்ந்து ஒரு நட்சத்திரம்கூட கிடையாது."

"எழுதிக் குடுங்க."

"என்னை நம்ப மாட்டியா?"

"எட்டு லெட்டர் சார்."

முணுமுணுத்தபடி தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

காலஹன் எழுந்து உட்கார்ந்து, கையைக் காற்றாடி மாதிரி சுழற்றினான். "டாக்டரம்மா, சத்தியமா வலி இல்ல. வந்த நாலாம் நாளே போயிடுச்சு."

"வலி இல்லாம இருக்கிறதுதான் ரொம்ப மோசமான அறிகுறி. இன்னும் ஒன்பது நாள்."

அவன் பெருமூச்சு விட்டுக் கைப்பேசியை எடுத்தான். "இன்னிக்கும் மாட்டுக்கறி ஸ்டேக்தானே? முப்பது பேருக்கு, ஆளுக்கு ரெண்டு."

தேறுவதற்காகச் சின்ன அணிக்கு வரும் நட்சத்திரம், அந்த அணிக்கே விருந்து வைக்க வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், ஆனால் யாரும் மீறியதில்லை. மற்ற ஊர்களில் ஒரு வேளை போட்டால் முடிந்தது. ஹார்லன்வில்லில் தினமும் போட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னது ரோண்டா.

அவன் வெளியே போனதும் யெஃபர்சன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். மூன்று வாரத்துக்கு முன்பு தொளதொளத்த சட்டை இப்போது தோளில் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, டீமை மூடப் போறாங்களாமே?"

"யார்றா சொன்னது? இந்தா, படி. நாமதான் ஜெயிச்சோம். இனிமே வெளியிலேர்ந்து ஒரு நட்சத்திரத்தையும் வாங்க மாட்டாங்க. கையெழுத்தே வாங்கிட்டேன்!"

யெஃபர்சன் தாளை இரண்டு தடவை படித்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

"அப்ப அடுத்த வருஷம் நமக்கு யாருக்கா கறி வாங்கிப் போடுவா?"