பச்சை ரிப்பன்

ஏழாம் வகுப்பு மகளின் டேப்லெட்டில் வந்திருந்த செய்தியை அம்மா இரண்டு முறை படித்தாள்.

'நாளைக்கு டான்ஸ் கிளாஸ் முடிஞ்சு பின்வாசல்ல நில்லு. அந்தப் பச்சை ரிப்பன்லதான் நீ அழகு.'

அனுப்பியவனுக்குப் பெயரில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைக்குட்டிப் படம்.

"பின்வாசல், ரிப்பன் எல்லாம் இவனுக்கு எப்படிடீ தெரியும்? என்னத்தையெல்லாம் உளறி வச்ச?"

"சத்தியமா ஒண்ணும் சொல்லலைம்மா. யாருன்னே தெரியாது."

"முன்பின் தெரியாதவன்கிட்ட எதையும் சொல்லாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே."

டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கணவனைக் கூப்பிடத் தன் போனை எடுத்தாள். அவளுக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. அதே பூனைக்குட்டி.

'வாராவாரம் பின்வாசல்ல பாப்பாவை நிக்கவச்சு போட்டோ போடுவீங்களே மேடம், இந்த வாரம் காணோமே?'