வடிகட்டியில் சிக்கிய சம்பந்தி

"எம் மெயில யாரு தடுத்தாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணுங்க" என்று கோவிந்தன் நாற்காலியை இழுத்து நவநீதனின் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

பின்னால் நின்ற ஆலை முதலாளி மாயவனுக்கு, வந்த சம்பந்திக்கு மோர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

கோபம் நியாயமானதுதான். பேரனுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன்காரன் மாயவனின் மகன். அவனுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டுக் கோவிந்தன் மாயவனுக்கு மெயில் போட்டார். பதில் இல்லை. போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டதையே மறுபடி கேட்டால் மாப்பிள்ளையின் அப்பா என்ற மரியாதை என்ன ஆவது?

அதனால் மாரண்டஹள்ளியிலிருந்து அதியமான்கோட்டை மாங்கூழ் ஆலைக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

ஆலையின் மெயில் சர்வர் நவநீதன் பொறுப்பு. குப்பை மெயிலைத் தடுக்கும் வடிகட்டியில் சிக்குகிற ஒவ்வொரு மெயிலும் ஏன் சிக்கியது என்று அதன் தலைப்பகுதியில் சர்வரே எழுதிவைக்கும்படி போன வாரம்தான் செய்திருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இப்போது சிக்கியிருந்த கோவிந்தனின் மெயிலைத் திறந்து அந்தத் தலைப்பகுதியைப் பார்த்தான்.

இந்த ஆள் அனுப்புவதையெல்லாம் குப்பை என்று பெட்டிக்குச் சொந்தக்காரரே குறித்திருக்கிறார். ஆங்கிலத்தில் பளிச்சென்று எழுதியிருந்தது. பெட்டி மாயவனுடையது.

கோவிந்தன் விடிந்தால் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார். மாயவன் அதைக் குப்பை என்று அமுக்குவார். அமுக்கி அமுக்கி, வடிகட்டிக்கு ரோஜாப்பூவும் காதுகுத்தும் ஒன்றாகிவிட்டது.

மாயவனின் கை பயத்தில் நவநீதனின் தோளை நெரித்தது.

நல்லவேளை, கோவிந்தன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் சம்பந்தமே முறிந்துவிடும். கோவிந்தன் வீட்டில் மருமகளாக வாழ்கிற முதலாளி மகள் சசிகலாவை நவநீதன் நினைத்துப் பார்த்தான்.

"என் தப்புதாங்க. வடிகட்டிய ரொம்ப இறுக்கிட்டேன்."

மாயவனுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் குரலும் வந்தது. இவனுக்கு இனி இங்கே வேலை கிடையாது, நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்று கத்தினார். நவநீதனுக்கு அழுகை முட்டியது. அம்மாவிடம் என்ன சொல்வான்?

கோவிந்தன் பதறி எழுந்தார். இந்தத் தம்பி வேலையில் இருந்தால்தான் காதுகுத்து என்று ஒரே பிடியாக நின்றார். மாயவன் கண் கலங்கிவிட்டார். இப்படியொரு பெரிய மனசுக்காரர் சம்பந்தியாகக் கிடைத்தாரே என்று கையெடுத்துக் கும்பிட்டு, மோர் கொண்டுவர அவரே ஓடினார்.

கதவு சாத்தியதும் கோவிந்தன் நவநீதனின் காதருகே குனிந்தார்.

"கண்ணாடி இல்லாமயே எல்லாம் படிச்சுட்டேன். எங்க காய்கறிக் கெடங்கு மெயிலும் உங்கிட்டதான இருக்குது? அந்தத் தலையில எழுதற வேலைய என் பொட்டிக்கு மட்டும் எடுத்து வுட்டுரு தம்பி. உங்க முதலாளி தெனமும் மூலிகைக் குறிப்பு அனுப்பறாரு. நானும் அதே பட்டனத்தான் அமுக்கறேன்."